மாடி வைஃபை

நீல விளக்கு மின்னுகிற வரை பட்டனை அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும். அதுதான் அவளால் முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் விளக்கு வருவதற்குள் விரலை எடுத்துவிட்டாள். ரௌட்டரை மாற்றியதிலிருந்து இந்தப் பிரிண்டர் அவளை யாரென்றே கேட்கவில்லை. தையல் மிஷினில் பாதி தைத்த குழந்தை கவுன், கட்டிலில் பாதி மடித்த துணி, இங்கே பாதி அமுக்கிய பட்டன். மேசைக்கடியில் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"எதையாவது ஒழுங்கா முடிச்சிருக்கியாடி நீ?" அக்கா கடைசியாக நேருக்கு நேர் பேசியது இதுதான். இவள் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, தொட்டி வழிந்து, மாடி வீட்டில் அக்கா பள்ளிக்கூடத்துக்காக ஜன்னலோரம் திருத்தி வைத்திருந்த விடைத்தாள் அத்தனையும் ஊறிப்போன அன்று சொன்னது. மன்னிப்புக் கேட்டிருந்தால் அன்றோடு போயிருக்கும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ஜன்னலோரம் யார் வைக்கச் சொன்னது என்று கேட்டுத் தொலைத்தாள். அதோடு பேச்சு நின்றது. அக்கா மாடிக்குத் தனியாக இன்டர்நெட் வாங்கிக்கொண்டாள். இருவரும் சேர்ந்து வாங்கிய பிரிண்டர் மட்டும் கீழேயே தங்கிவிட்டது. கேள்வித்தாள் எடுக்க அக்கா புருஷன்தான் பென் டிரைவோடு தூது வருவார். இப்போது வேறு வீடு பார்க்கிறார்களாம். அதைக் கேட்டதிலிருந்து இவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்காவும் போய்விட்டால் உரிமையோடு திட்ட யார் இருக்கிறார்கள்?

ஒரு வழியாக விளக்கு மின்னியது. சின்னத் திரையில் இரண்டு வைஃபை பெயர்கள் வந்தன. அக்காவுடையது நேர் தலைக்கு மேல் இருப்பதால் முதலில் நின்றது. விரல் சும்மா இருக்குமா, அதைத் தொட்டுவிட்டது. பாஸ்வேர்ட் கேட்டது. ஒரே கனெக்‌ஷன் இருந்த காலத்தில், இவளைக் கேலி செய்யவென்றே அக்கா வைத்த பாஸ்வேர்ட் 'துறுதுறு'. சின்ன வயதிலிருந்தே அக்கா இவளை அப்படித்தான் கூப்பிடுவாள். அக்காவின் புதுக் கனெக்‌ஷனுக்கு அது எங்கே திறக்கப்போகிறது என்றுதான் அடித்துப் பார்த்தாள்.

திறந்தது.

மாமா பென் டிரைவோடு இறங்கி வந்தபோதும் அவள் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே இது வேண்டாம் மாமா. அக்காவை மேல இருந்தே அனுப்பச் சொல்லுங்க."

"எப்படின்னு கேப்பாளே."

"அவ பாஸ்வேர்டை மாத்தலைன்னு சொல்லுங்க."

மாமா விறுவிறுவென்று ஏறிப் போனார்.

அப்புறம் மேலே சத்தமே இல்லை. ஊசியில் நூல் கோர்த்தாள், உருவினாள். எழுந்து ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். அவசரக்குடுக்கை மாதிரி எதற்குச் சொல்லி அனுப்பினோம்? ரோஷக்காரி, இந்நேரம் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருப்பாள். நாளைக்கே வீட்டுக்கு அட்வான்ஸும் கொடுத்துவிடுவாள்.

பிரிண்டர் உறுமியது. கேள்வித்தாளின் முதல் பக்கம் சூடாக வந்து விழுந்தது. அடுத்த பக்கத்துக்குத் தட்டில் பேப்பர் இல்லை. நிரப்ப மறந்திருந்தாள்.

மேலே நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் பாதிப் படி வரை வந்து நின்றது.

"முடிஞ்சுதாடி?"

"இல்லக்கா. பாதியில நிக்குது."

பேப்பர் கட்டு கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை; மீதிப் படியிலும் செருப்புச் சத்தம் கேட்கட்டும் என்று இருந்தாள். ஆரஞ்சு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. மேசைக்கடியில் அவள் கால் ஆடாமல் இருந்தது.