ஏழாம் நிறுத்தத்தில் காலை ஆறு மணி

நாற்பத்திரண்டு வயதில் முதுகலை படிக்கப் போகிற மனுஷனுக்கு என்ன வரும்? தூக்கம் வரும். வேறு எதுவும் அவ்வளவு சுலபமாக வராது. பேருந்துப் பணிமனையில் இருபது வருஷமாகக் கால அட்டவணை போடுகிறவர் அவர். அதனால் ஓட்டுநரிலிருந்து மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் 'அட்டவணை'தான். சொந்தப் பெயரில் யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரோ என்னவோ.

மூன்று வருஷமாகச் சனி ஞாயிறு கல்லூரி. நகர வணிகம், மனை, கட்டடம், போக்குவரத்து என்று நாலு படிப்பை ஒரே பட்டத்துக்குள் திணித்து அமுக்கியிருந்தார்கள். ரயில் பாதை வந்தால் பக்கத்துக் கடை வாடகை எவ்வளவு ஏறும், நிறுத்தம் நகர்ந்தால் மனை விலை எங்கே போகும் என்று கணக்குப் போட்டே மனுஷனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கூடப் படித்ததெல்லாம் இருபத்து மூன்று வயசுக் கும்பல். "அங்கிள், நோட்ஸ் இருக்கா?" என்று கேட்கும்போது மட்டும் மரியாதை வழியும்.

எதற்கு இந்தப் பாடு? பணிமனையில் திட்ட அலுவலர் நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார இந்தப் பட்டம் வேண்டும். வயதும் நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது. அவருக்கு நாற்பத்தைந்து முடிய இன்னும் எட்டு மாதம். இந்தப் பருவத்தில் தேறாவிட்டால், ஓய்வு பெறும்வரை விடியற்காலை நாலரைக்குப் பணிமனைக்கு ஓட வேண்டியதுதான். அவர் எழுந்தால் மனைவியும் எழுந்தாக வேண்டும். "பாஸ் பண்ணிடுங்க சாமி. நானும் சாகறதுக்குள்ள ஒரு நாளாவது ஆறு மணிவரைக்கும் தூங்கணும்" என்பாள். விளையாட்டாகத்தான் சொல்வாள், ஆனால் விளையாட்டு இல்லை.

ஆய்வுக்கு ஒரு சாலையை எடுத்துக்கொண்டார். பதினோரு நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் எண்ண வேண்டும். விரலால் அழுத்தினால் எண் ஏறுகிற சின்னக் கருவி ஒன்று கொடுத்தார்கள். ஒரு பச்சை மேல்சட்டையும் கொடுத்தார்கள். பதினோரு நாள் விடுப்பு அதற்கே போயிற்று.

ஏழாம் நிறுத்தத்தில்தான் வினை வந்தது. முந்தின நாள் பணிமனையில் இரண்டு ஷிப்டு பார்த்த அலுப்பு. பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு ஐந்தே முக்காலுக்குக் கண் சொக்கியது. விழித்தபோது மணி ஆறு ஐம்பது. ஒரு மணி நேரம் ஓடிப்போயிருந்தது. கருவி மட்டும் மடியில் பத்திரமாக இருந்தது.

இதற்கும் விதி இருக்கிறது. ஒரு மணி நேரம் தவறினால், பக்கத்து நிறுத்தத்தின் அதே நேரக் கணக்கை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, 'இது நேரில் எண்ணியது அல்ல' என்று கீழே எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆறாம் நிறுத்தத்தில் அந்த நேரத்துக்கு ஆறு பேர். ஆறு என்று எழுதினார். நட்சத்திரம் போட மறந்தார். பிறகு நினைவு வந்தபோது, போகட்டும், ஆறு பேர் விஷயம்தானே என்று கண்டும் காணாமல் விட்டுவிட்டார். மறந்தது பாதி, மறைத்தது மீதி.

அந்த ஆறைப் பிடித்துக்கொண்டுதான் முடிவே நின்றது. ஏழாம் நிறுத்தத்துக்கு ஆளில்லை. அதை எடுத்துவிட்டு எட்டாவதோடு சேர்க்கலாம். பேருந்து நிற்கும் இடமும் பின்னால் கிடக்கும் காலி மனையும் சேர்ந்தால் அருமையான வணிக வளாகம். வழிகாட்டிப் பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். எதைப் பார்த்தாலும் சதுர அடியில் பேசுவதால் மாணவர்கள் அவருக்குச் 'சதுர அடி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவர் ஒரு பிரதியைச் சாலைத் துறைக்கு அனுப்ப, அவர்களும் அடுத்த மாதம் நிறுத்தத்தை எடுத்துவிடுவதாகப் பதில் எழுதியிருந்தார்கள்.

வாய்மொழித் தேர்வன்று காலை பத்து மணிக்கு அட்டவணை கல்லூரியில் இருக்க வேண்டும். "கடைசிப் பக்கத்துக்கு ஒரு போட்டோ வேணும். விடியற்காலைல, ஆளே இல்லாம, நிறுத்தம் மட்டும்" என்று சதுர அடி கேட்டிருந்தார். தேய்த்த சட்டையோடு ஆறு மணிக்கு ஏழாம் நிறுத்தத்தில் போய் நின்றார். ஐந்து நிமிஷத்தில் முதல் பேருந்து வந்தது. இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எல்லாம் பெண்கள், கையில் ஆளுக்கொரு பை. அட்டவணை போட்டோ எடுக்க நீட்டிய போனைக் கீழே இறக்கினார்.

அதில் கொஞ்சம் வயதான ஒரு பெண்மணி அவரை உற்றுப் பார்த்தாள்.

"அண்ணே, பச்சைச் சட்டை போட்டுட்டு இங்க தூங்கினது நீங்கதானே?"

"நான்தான். உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாம? நாங்க இறங்கும்போது வாயைப் பொளந்துட்டுத் தூங்கிட்டிருந்தீங்க." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "கையில இருந்தது கீழ விழுந்து கிடந்துச்சு. நான்தான் எடுத்து மடியில வச்சேன்."

"இத்தனை பேரும் எங்க போறீங்க?"

"இந்தச் சந்துக்குள்ள ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற லாண்டரி இருக்குல்ல, அங்கதான். போர்டு கிடையாது, அதனால யாருக்கும் தெரியாது."

"திரும்பிப் போகும்போது இங்க ஏறலையே? அன்னிக்கு சாயங்காலம் நான் முழிச்சுட்டுதான் இருந்தேன்."

"அப்போ காய்கறி வாங்கிட்டு மார்க்கெட் பக்கமே ஏறிடுவோம்."

அட்டவணை தயங்கித் தயங்கிக் கேட்டார். "அன்னிக்கு என்னை எழுப்பியிருக்கலாமேம்மா?"

"அட போங்கண்ணே! தூங்கற முகமா அது? பத்து நாள் தூங்காத முகம். எங்களுக்குத் தெரியாதா அந்த அலுப்பு? சத்தம் போடாதீங்கடின்னு சொல்லிட்டேன். நடைபாதையில செருப்புச் சத்தம் கேக்கும்னு எல்லாரும் ஓரமா மண்ணுல இறங்கி நடந்தோம். முந்தின நாள் மழை வேற." அவள் சிரித்துக்கொண்டே நடையைக் கட்டினாள்.

சந்துக்குள் போகிற முதுகுகளை அவர் விரல்விட்டு எண்ணினார். நாற்பத்து மூன்று. அவருக்கு அவமானமாக இருந்தது. அழுகை வந்தது, அழக்கூடத் தெம்பில்லை. எட்டாம் நிறுத்தம் அங்கிருந்து முக்கால் கிலோமீட்டர்.

தேர்வு அறைக்கு வெளியே சதுர அடியிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்; கெட்ட மனுஷன் இல்லை, அவருக்கும் அலுப்பு.

"இதுக்கா முகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க? ஒரு நட்சத்திரம் போடுங்க. விதியே அதுக்குத்தானே இருக்கு? ஆறு ஆறாவே இருக்கட்டும். அடியில இருக்கற பொடி எழுத்தை எவன் படிக்கப் போறான்?"

"நாற்பத்து மூணுன்னு மாத்தினா?"

"முடிவே விழுந்துடும். அடுத்த வருஷம்தான் திரும்பத் தர முடியும். உங்க வயசு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பேனாவைத் திறந்தார். நட்சத்திரம் போட எவ்வளவு நேரம்? ஐந்து கோடு. மனைவி ஆறு மணிவரை தூங்குவாள்; அவரும் தூங்குவார். கை தாள்மேல் போய் அப்படியே நின்றது. அவரைத் தூங்க விட்ட நாற்பத்து மூன்று பேரை இல்லை என்று எழுதிவிட்டு எப்படித் தூங்குவது? பேனாவை மூடி, உள்ளே போய், வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

அந்த அம்மா ஏழாம் நிறுத்தத்துக் கணக்கைத் தேடி எடுத்துப் பார்த்தார். "இன்னிக்கே சாலைத் துறைக்கு நான் கடிதம் எழுதிடறேன், நிறுத்தத்தைத் தொட மாட்டாங்க. ஆனா உங்களை இந்தப் பருவத்துல தேத்த முடியாது" என்றார். "தெரியும்மா" என்று அட்டவணை எழுந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். செருப்பைக் கழற்றாமலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களை நான் என்னன்னு சொல்றது? மூணு வருஷம்! ஒரு சனிக்கிழமை உண்டா, ஒரு ஞாயித்துக்கிழமை உண்டா எனக்கு? எல்லாம் போச்சு!" உள்ளே போனாள், பாத்திரங்கள் உருண்டன. அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எவ்வளவு திட்டினாலும் தகும் என்றுதான் நினைத்தார்.

சத்தம் நின்றது. இரண்டு டம்ளர் டீயோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஒருத்தர்கூடவா எழுப்பல?"

"ஒருத்தர்கூட இல்ல."

ஒரு டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு கேட்டாள். "மறுபடி எண்ணணும் இல்ல? எப்போ போறீங்க?"

"பட்டம் வந்தாலும் இனிமே அந்த நாற்காலி கிடையாதும்மா."

"அதைக் கேக்கல. எண்ண எப்போ போறீங்க?"

"திங்கக்கிழமை."

"நானும் வரேன். நீங்க மறுபடி தூங்கிட்டா, பாவம், அவங்க மறுபடி மண்ணுல நடப்பாங்க."