ஆக்டின் என்ற அளவுகோல்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘உப்பு’ என்று பெயர். உப்புத்தண்ணீர் கலக்கி, அதில் பொடி போன்ற முட்டைகளைத் தூவி, கடுகிலும் சின்ன இறால்களைப் பொரிக்க வைப்பதே அவள் பிழைப்பு. அந்தக் குஞ்சுகள் வளர வளர எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்துதான் அவள் முனைவர் பட்டம் வாங்கவேண்டும். அளக்க ஒரு அளவுகோல் வேண்டுமே? எப்போதும் ஒரே அளவில் இருக்கும் மரபணு என்று ஆக்டினைக் காட்டினார் பேராசிரியர். கண் குழி விழ, வருடக்கணக்காக எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டாள்.

ஒருநாள் ஆக்டினையே தனியாக அளந்து பார்த்தாள். முட்டைக்குள் சும்மா கிடந்த ஆக்டின், குஞ்சுக்குக் கால் முளைத்துத் தசை திரளத் திரள எகிறிக்கொண்டே போனது. அளவுகோலே நீண்டுகொண்டிருந்தால் அளந்தது எப்படிச் சரியாகும்? குறைகிறது என்று அவள் எழுதிய மரபணுக்கள் எதுவும் குறையவில்லை. வாயை மூடிக்கொண்டு ஆய்வேட்டைக் கொடுத்திருக்கலாம். ஆனாலும் நேர்மை என்ற வேண்டாத பழக்கம் ஒன்று அவளிடம் இருந்தது. ஆக்டின் ஏறுவதைக் காட்டும் படங்களை எடுத்துக்கொண்டு நேரே பேராசிரியர் அறைக்குப் போனாள்.

“சார், ஆய்வேட்ட இப்ப குடுக்க வேணாம். எல்லாத்தையும் திரும்ப அளக்கணும்.”

“உனக்கென்ன பைத்தியமா? இருக்கிறபடியே குடு, மத்தத நான் பாத்துக்கறேன். அந்தப் படத்தையெல்லாம் இங்க வச்சிட்டுப் போம்மா.”

‘போம்மா’ என்றதும் உருகிவிட்டாள், அசடு. வைத்துவிட்டு வந்தாள், ஆய்வேட்டையும் இருந்தபடியே கொடுத்தாள்.

பேராசிரியரின் மாப்பிள்ளையும் எங்கள் கூடத்தில்தான் குப்பை கொட்டினார். உயிருள்ள இறாலை அவர் பார்த்ததே சந்தேகம். அவளுடைய வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம் அவர் பெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. இறால் குஞ்சு வளரும்போது ஆக்டின் ஏறுகிறது, அதை அளவுகோலாக வைப்பது மடத்தனம் என்று சொன்னது. மடத்தனத்துக்கு உதாரணமாக அவள் முடிவுகளையே காட்டியிருந்தது. நாங்கள் எல்லோரும் படித்தோம். அவளிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எங்கள் பட்டமும் பேராசிரியர் கையில்தானே இருந்தது.

தேர்வு அறையில், பின்வரிசையில் நாங்கள் உட்கார்ந்திருக்க, தேர்வாளர்தான் அந்தக் கட்டுரையை அவளிடம் நீட்டினார்.

“இதப் படிச்சீங்களா? உங்க ஆய்வேடு மொத்தமும் அடிபட்டுப் போச்சே.”

அவள் புரட்டினாள். படங்கள் அவளுடையவை. பேராசிரியரைத் திரும்பிப் பார்த்தாள்.

“சார், இத நான்தானே உங்ககிட்ட...”

“தலைபாடா அடிச்சுக்கிட்டேன் சார், ஆக்டின வச்சு அளக்காதன்னு,” என்றார் பேராசிரியர், தேர்வாளரிடம். “சொன்னாக் கேக்கற பொண்ணா இது?”

தேர்வாளர் உச்சுக்கொட்டிக்கொண்டே, பட்டம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் எங்கள் வரிசையைப் பார்த்தாள். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.