மகாராணியின் வாலில் கடைசிச் சிக்கு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. ஒரு பத்திரிகை என்னிடம் அரைப் பக்கக் குறிப்பு ஒன்று கேட்டது: குதிரையின் பிடரியையும் வாலையும் வலிக்காமல் சிக்கெடுப்பது எப்படி? இதை யார் படிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. உனக்கு என்ன தெரியும் என்று அவர்களும் கேட்கவில்லை. குதிரை விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் குதிரைக்கொம்பு மட்டும்தான்.

ஆனால் என் நாத்தனார் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் குதிரைகளைப் பராமரிக்கிறார். போன் செய்தேன். குறிப்பு கேட்கப் போனால் கதை வந்து சேர்ந்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "அந்தி மயங்கும் வேளையில், பட்டுப் போன்ற வால் காற்றில் அலைபாய, ஒரு வெண்புரவி..."

(அடித்துவிட்டேன். வால் அலைபாயவில்லை. பிரச்சினையே அதுதான்.)

இரண்டாம் முயற்சி: "மகாராணி வந்து இறங்கியபோது அவள் வாலில் முள்ளும் சேறும் சேர்ந்து ஒரே கட்டியாக இறுகியிருந்தது. அவளுக்குப் பின்னால் நின்றபடி நாத்தனார்..."

இதைப் போனில் வாசித்துக் காட்டும்போதே நாத்தனார் குறுக்கிட்டார்.

"பின்னாடி எதுக்கும்மா என்னை நிக்க வச்ச? ஒரே உதையில உன் கதை முதல் பக்கத்துலயே முடிஞ்சிரும். பக்கவாட்டுல நிக்க வை. வாலை நம்ம பக்கம் கொண்டு வரணும்."

சரி. பக்கவாட்டில் நின்றார்.

3

மகாராணி பழுப்பு நிறப் பெண் குதிரை. முன்பு இருந்த இடத்தில் அவளை யாரும் கவனிக்கவில்லை. வாலைத் தொட்டால் போதும், உதைப்பாள். வந்த வாரமே லாடம் அடிப்பவருக்கு ஒன்று கொடுத்தாள். கன்றிப்போன தொடையோடு அவர் தப்பித்தார். இன்னொரு உதை விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று பள்ளியின் முதலாளி சொல்லிவிட்டார். திரும்பிப் போனால் அதே இடம், அதே சேறு.

இங்கே முதலாளியைக் கொடுமைக்காரராக எழுதியிருந்தேன். முறுக்கு மீசை, கையில் சாட்டை. நாத்தனாருக்குப் பிடிக்கவில்லை.

"அவரு கெட்டவர் இல்லம்மா. குழந்தைங்க ஏறி இறங்குற இடம். அவருக்குப் பயம்."

மீசையை எடுத்துவிட்டுப் பயத்தை வைத்தேன். வைத்ததும் கதை கஷ்டமாகிவிட்டது. அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது.

4

(பத்திரிகைக்கான பகுதி. அவசரக்காரர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்பலாம்.)

ஈர முடியில் சீப்பு வைக்காதீர்கள், அறுந்துவிடும். காய்ந்த பிறகு முதலில் விரல்கள்தான். நுனியில் தொடங்கி மெல்ல மேலே போக வேண்டும். சிக்குக்கு மேலே முடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இழுப்பு தோல் வரை போகாது. முள்ளைப் பிடுங்கக் கூடாது, நொறுக்கி உதிர்க்க வேண்டும். ஒரு துளி எண்ணெய்* உதவும். அகலப் பல் சீப்பு எல்லாம் முடிந்த பிறகு. பதறாத காரியம் சிதறாது.

நாத்தனார் ஒரு நாளில் ஒரு கைப்பிடி முடிக்கு மேல் போகவில்லை. மகாராணியின் காது பின்னால் மடிந்தால் உடனே கையை எடுத்துவிட்டு, கழுத்தைச் சொறிந்து கொடுத்துவிட்டு வந்துவிடுவார். என் தலையை யாரும் இவ்வளவு பொறுமையாக வாரியதில்லை. குதிரைமேல் பொறாமையாக இருந்தது.

*துளி என்றால் துளி. அடுத்த பகுதியைப் பார்க்கவும்.

5

வால் முக்கால்வாசி பிரிந்ததும் நாத்தனாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பிடரியும் பளபளக்கட்டுமே என்று எண்ணெயைத் தாராளமாக ஊற்றித் தடவினார். எண்ணெய் பிடரியோடு நிற்குமா? முதுகு வரை வழிந்தது. மறுநாள் காலை, "நான் ஏறிப் பாக்குறேன்" என்று முதலாளி சேணம் பூட்டி ஏறினார். முதல் திருப்பத்திலேயே சேணம் வழுக்கியது. சேணமும் அவருமாக மகாராணியின் வயிற்றுப் பக்கம் சரிந்தார்கள். சேணம் அங்கேயே தொங்க, அவர் மட்டும் தரைக்கு வந்தார்.

வயிற்றுக்கடியில் சேணம் தொங்கினால் அனேகமாக எந்தக் குதிரையும் மிரண்டு ஓடும். மகாராணி ஓடவில்லை. உடம்பெல்லாம் நடுங்க, முதலாளி உருண்டு வெளியே வரும்வரை அசையாமல் நின்றாள்.

"நான்தாங்க எண்ணெய் ஊத்தினேன். அவ மேல தப்பே இல்லங்க" என்று நாத்தனார் ஓடினார்.

முதலாளி மண்ணைக்கூடத் தட்டவில்லை. "என்னை மிதிக்கலையே" என்றார். "காலடியிலதானே கிடந்தேன். மிதிக்கலையே."

(இதைச் சொல்லிவிட்டு நாத்தனார் மூக்கைச் சிந்தினார். எனக்கும் அழுகை வந்தது.)

6

மீதியிருந்தது ஒரே சிக்கு. வாலின் உச்சியில், எலும்பை ஒட்டி. அவளுக்கு வலி அங்கேதான்.

"அதை நானே எடுத்துப் பாக்குறேன்" என்றாராம் முதலாளி. "உதைச்சா அனுப்பிடலாம். உதைக்கலன்னா இவ இங்கதான்."

இந்த முறை போனை நம்பவில்லை. நேரில் போய் லாயத்துக் கதவோரம் நின்றுகொண்டேன்.

முடிவு ஒன்று: உதைக்கிறாள். அவளை ஏற்றிப்போக வண்டி வருகிறது. (எழுதிப் பார்த்தேன். சாப்பாடு இறங்கவில்லை.)

முடிவு இரண்டு: சிக்கு பிரிகிறது. எல்லோரும் கைதட்ட, மகாராணி கம்பீரமாக... (கைதட்டினால் மிரண்டுவிடுவாள். இதையும் அடித்தாயிற்று.)

என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். முதலாளி பக்கவாட்டில் நின்றார். வாலைத் தன் பக்கம் கொண்டுவந்தார். நாத்தனார் மகாராணியின் கழுத்தைச் சொறிந்தபடி, "இழுக்காதீங்க. சும்மா பிடிச்சிட்டு நில்லுங்க, போதும்" என்றார். விரல் சிக்கைத் தொட்டது. மகாராணி பின்னங்கால் ஒன்றை மெல்லத் தூக்கினாள். குளம்பின் நுனி மட்டும் மண்ணில் பட்டுக்கொண்டிருந்தது.

உதைக்கப்போகும் குதிரை காலைத் தூக்கும். நிம்மதியாக இளைப்பாறும் குதிரையும் இப்படித்தான் ஒரு காலைத் தளர்த்திக் குளம்பு நுனியில் நிற்கும். நாத்தனார் காதுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மகாராணியின் காதுகள் பின்னால் மடியவில்லை. பக்கவாட்டில் தளர்ந்து கிடந்தன.

முதலாளி கையை எடுக்கவில்லை.

அடுத்து நடந்தது எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். அவரை விலக்கிவிட்டு அந்த இடத்தில் உங்களை நிறுத்துகிறேன். சிக்கில் இருப்பது இப்போது உங்கள் விரல். தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.