டிக்கியில் ஒரு கேன் தண்ணீர்

சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் காரின் விசிறி நிற்கவில்லை. உள்ளே யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் சுற்றிக்கொண்டே இருந்தது. எஞ்சின் சூடு இறங்கும்வரை அப்படித்தான் சுற்றும், அதில் பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று தம்பிக்காரனுக்குத் தெரியும். தெரிந்தும், அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததில்லை. வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவி திருப்புவான். அண்ணன் முதுகு அழுத்திய பள்ளம் அந்த சீட்டில் இன்னும் இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன் இதே கார் மேட்டுச்சாலையில் கொதித்து நின்றது. எதிர்ப்பக்கக் கடையில் தண்ணீர் கேட்கலாம் என்று அண்ணன் சாலையைக் கடந்தான். இறக்கத்தில் வந்த லாரிக்கு பிரேக் பிடிக்க நேரமில்லை.

டிக்கியில் எப்போதும் ஒரு கேன் தண்ணீர் கிடக்கும். அன்று இல்லை. வீட்டு வேலைக்கு அதை எடுத்த அண்ணி திருப்பி வைக்க மறந்திருந்தாள். அன்றிலிருந்து, ஓடாத காரின் டிக்கியில் தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ரொப்பி வைக்கிறாள்.

இப்போது அந்த மேட்டுக்கு அப்பால் ஒரு நூல் ஆலையில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. நாளை விடியற்காலையில் முதல் ஷிப்டு. அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. ஓட்ட அவள் அண்ணனிடமே கற்றிருந்தாள்; கார் மேடு ஏறியே ஆக வேண்டும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. பெல்ட் மாற்றினான், ரேடியேட்டர் மூடியை மாற்றினான், தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கடாசினான். சூடு காட்டும் முள் ஏறுவது மட்டும் நிற்கவில்லை.

எதிர்வீட்டுத் தையல்காரர் வாசலில் நின்று குரல் கொடுத்தார். “என்னப்பா, காய்ச்சல் எறங்குச்சா, இல்ல சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிடலாமா?”

“ஒங்க மெஷினுக்கு எண்ணெ விட்டு நாலு வருஷமாச்சு. மொதல்ல அதப் பாருங்க மாமா.”

சிரிக்க வாயெடுத்தவர், தான் சொன்னது எந்தக் காரைப் பற்றி என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார்.

தம்பிக்காரன் மேல்குழாயைத் தொட்டான். சுட்டுப் பொசுக்கியது. ரேடியேட்டரின் அடிப்பக்கம் தொட்டான். சில்லென்று இருந்தது, ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தொட்ட கைபோல. அப்படியென்றால் தண்ணீர் கீழே இறங்கவே இல்லை. மேலேயே எதுவோ அடைக்கிறது.

சூடு ஆறும்வரை காத்திருந்து குழாயைக் கழற்றினான். ஒரு கம்பியைக் கொக்கிபோல் வளைத்து ரேடியேட்டரின் வாய்க்குள் விட்டுத் துழாவினான். மெத்தென்று எதுவோ மாட்டியது. இழுத்தான். துரு நிறத்தில் ஊறிப்போன துணி ஒன்று, குடல்போல் நீண்டு வந்தது. பிழிந்தான். பச்சைக் கோடு தெரிந்தது.

அந்தத் துணியை அவனுக்குத் தெரியும்.

அண்ணனும் அவனும் பன்னிரண்டு வருடம் குழாய் பதித்தவர்கள். திறந்த குழாய் வாயைக் கண்டால் மண் விழாமல் துணி திணிப்பது கையோடு வந்த பழக்கம். திணித்தவன்தான் எடுக்க வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. அதுதான் அவர்கள் வேலைச் சட்டம். அண்ணன் சாவதற்கு ஒரு வாரம் முன்பு இந்த மேல்குழாயை மாற்றியவன் தம்பிக்காரன். ரேடியேட்டர் வாயில் துணியைத் திணித்தவனும் அவன்தான். நடுவில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பிட்டு வந்தவன் நேரே குழாயை மாட்டினான். துணி உள்ளே போய்விட்டது. “எடுத்துட்டியாடா?” என்று அண்ணன் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

துணியைச் சுருட்டிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“தம்பி, என்ன ஆச்சு?” அண்ணி வந்து நின்றாள். “ஏன் மூஞ்சி செத்துப்போயிருக்கு?”

“அடைப்பு அண்ணி. எடுத்துட்டேன்.”

“தொடையெல்லாம் ஏன் ஈரம்?”

பையிலிருந்து துருத்தண்ணீர் ஊறி முழங்கால்வரை இறங்கியிருந்தது. பொய் சொல்ல வாய் திறந்தான். அவள் கையில் அந்தக் கேன் இருந்தது. எட்டு மாதமாக அவள் சுமந்த கேன். வாய் பொய்யைச் சொல்லவில்லை. துணியை எடுத்து நீட்டினான்.

“நான் வச்சது. எடுக்க மறந்துட்டேன். வண்டி கொதிச்சது இதாலதான் அண்ணி.”

அவள் துணியை விரித்தாள். அது அவளே கிழித்துப் போட்ட புருஷன் சட்டையின் கை.

“அன்னிக்கு கேன்ல தண்ணி இருந்திருந்தா?”

“ஊத்த ஊத்தக் கொதிச்சிருக்கும். எவ்ளோ ஊத்தினாலும் மேடு ஏறியிருக்காது.”

“ஆனா அவரு ரோட்டத் தாண்டியிருக்க மாட்டாரு.”

தம்பிக்காரன் கழற்றி வைத்த குழாயைக் கையில் எடுத்தான்.

“குழாய மாட்டு” என்றாள். மாட்டி முடித்ததும் கேனைத் தூக்கி அவளே ரேடியேட்டரில் ஊற்றினாள். உள்ளேயிருந்து காற்று குபுக்கென்று வெளியேறியது. கேனை மறுபடி ரொப்பி டிக்கியில் வைத்தாள். துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். கால் எட்டவில்லை. சீட்டை முன்னால் இழுத்தாள்.

“ஏறு.”

“நானா?”

“நீதான். வேற யாரு இருக்கா?”

மேட்டில் கார் முனகிக்கொண்டு ஏறியது. முள் பாதியிலேயே நின்றது. அந்தக் கடைக்கு எதிரே ஓரங்கட்டி அவள் சாவியை உருவினாள். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். விசிறி சுற்றவில்லை. உள்ளே யாரும் மூச்சு விடவில்லை.

“சத்தமே காணோமே?” என்றாள்.

“சூடு ஏறலன்னா சுத்தாது அண்ணி.”

அவள் இறங்கிப் பின்பக்கம் போனாள். டிக்கியைத் திறந்து, கேன் இருக்கிறதா என்று பார்த்தாள்.