நீலத்துக்குக் கீழே வெள்ளை

பிளேடு வழுக்கிக் கட்டைவிரல் நகத்தில் மோதி நின்றது. நல்லவேளை, ரத்தம் இல்லை. கைசா விரலை உதறிவிட்டு மறுபடியும் குனிந்தாள். அடுப்பின் கறுப்புக் கண்ணாடி மேல் ரொட்டிப் பை உருகி, ஒரு தட்டளவு நீல வட்டமாகப் படிந்து கிடந்தது. ஓரங்கள் சுருங்கி, நடுவில் குமிழ் குமிழாக, வெந்துபோன தோல் மாதிரி. கருகிய ரொட்டியைக் குப்பையில் தள்ளியாயிற்று. இரண்டு ஜன்னல்களையும் திறந்தாயிற்று. தண்டர் பே நகரத்து நவம்பர்க் காற்று ஏரியின் குளிரைச் சுமந்துகொண்டு உள்ளே வந்து, மேஜை விரிப்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நாற்றம் மட்டும் அசையவில்லை.

"அக்கா, பெட்ரோல் போட நிறுத்தியிருக்கேன். இன்னும் அரை மணியில வந்துடுவேன். சானாவை மூட்டி வை." தம்பி ஆர்வோ போனில் சொல்லிச் சற்று நேரமாகிவிட்டது. வின்னிபெக்கிலிருந்து பகல் முழுக்க ஓட்டி வருகிறான். கீழ்த்தளத்து சானாவின் வெந்நீராவியில் உட்கார்ந்து வேர்த்தால்தான் அவனுக்குப் பயண அலுப்புத் தீரும். கைசா கீழே போய் விறகை மூட்டிவிட்டு மேலே வந்தபோது அடுப்பிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

அவன் வருவதே இந்த அடுப்பை உத்தேசித்துத்தான். செப்டம்பரில் காபி வடிகட்டி உருகிச் சமையலறை முழுக்கப் புகை மண்டியபோது, பக்கத்து வீட்டுக்காரர் அவனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை இப்படி நடந்தா அம்மா முதியோர் இல்லத்துக்குத்தான். அதுக்கப்புறம் பேச்சே கிடையாது" என்று ஆர்வோ முடித்துவிட்டான். அம்மா மறுக்கக்கூட இல்லை. "ஆமாடா, நான்தான் போட்டேன். மறந்துட்டேன்" என்று, மழை வந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

இப்போதும் அம்மா ஹெல்மி, கோட்டை மாட்டிக்கொண்டு சமையலறை மேஜையில்தான் உட்கார்ந்திருந்தாள். எண்பத்துமூன்று வயது. முதுகு நேராக, கைகள் மடியில். கண்கள் அடுப்பில்.

"ஆறிப்போனதைச் சுரண்டாதே. கண்ணாடிதான் கீறும்" என்றாள்.

"சும்மா இரும்மா. அவன் வந்துடப் போறான்."

"முதல்ல லேசா சூடு காட்டு. இளகினதும் அணைச்சிட்டு, பிளேடைப் படுக்க வச்சுத் தள்ளு. மீன் தோல் மாதிரி உரிஞ்சு வரும்" என்றாள் அம்மா. சொன்ன விதம், பத்துத் தடவை செய்து பார்த்தவள் சொல்வது போலிருந்தது.

"இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லல. பார்த்திருக்கேன்."

"எங்க பார்த்தே?"

அம்மா கோட்டின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டாள்.

கைசா கண்ணாடியின் முன்விளிம்பில் விரலை வைத்தாள். இந்த அடுப்புக்குத் திருகு கிடையாது. தொட்டால் எரியும், தொட்டால் அணையும். ஆர்வோ வசந்தத்தில் வாங்கிக் கொடுத்தது. பழைய சுருள்கம்பி அடுப்பு எத்தனையோ மேல். அதன் மேல் யாரும் ரொட்டியைக் கொண்டுபோய் வைக்கமாட்டார்கள். இதுவோ மேஜை மாதிரி வழவழவென்று கிடக்கிறது. கடையிலிருந்து வருகிற பையெல்லாம் தன்னால் இதன் மேல்தான் போய் உட்காருகிறது.

மிகக் குறைந்த சூட்டில் வைத்தாள். நீலம் மெல்லப் பளபளத்தது. அணைத்துவிட்டுப் பிளேடைச் சாய்த்துத் தள்ளினாள். அம்மா சொன்னது சரிதான். நீளச் சுருளாக உரிந்து வந்தது. இரண்டாவது சுருள், மூன்றாவது. நான்காவதில் கை நின்றுவிட்டது.

நீலத்துக்குக் கீழே வெள்ளை.

ரொட்டிப் பையில் வெள்ளை கிடையாது. விரலால் தடவிப் பார்த்தாள். மெல்லிய படலம், பழையது, விளிம்பு மஞ்சள் பூத்திருந்தது. பிளேடின் முனையால் அதையும் நிமிண்டினாள். அதற்கும் கீழே, வட்டத்தின் ஓரத்தில், நகக்கண் அளவுக்கு ஆரஞ்சு. காபி வடிகட்டி பழுப்பு நிறம். அப்படியானால் இந்த வெள்ளை எது? ஆரஞ்சு எது? யார் இவற்றையெல்லாம் சுரண்டி, துடைத்து, மேலே ஒன்றுமே நடக்காத மாதிரி பளபளப்பாக வைத்தது?

திறந்த ஜன்னலின் குளிரையும் மீறிக் கழுத்தில் வேர்த்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அம்மா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் பார்வைதான் கைசாவைச் சில மாதங்களாகத் தூங்கவிடாமல் அடித்தது. அம்மா வீட்டுக்குள் அவள் பின்னாலேயே நடந்தாள். துணி மடித்தால் கதவோரம் நிற்பாள். குளித்துவிட்டு வந்தால் நடையில் நிற்பாள். விடியற்காலையில் தண்ணீர் குடிக்க வந்தால் இருட்டுச் சமையலறையில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் கைசா கேட்டே விட்டாள்: "இங்க தனியா என்னம்மா பண்றே?" "காவல் இருக்கேன்." "யாரு வரப்போறாங்க?" "வர்றவங்க வந்துக்கிட்டேதான் இருக்காங்க, நீ போய்ப் படு" என்றாள் அம்மா, சிரித்துக்கொண்டே. கைசா அன்று படுக்கையறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். பெற்ற தாய்க்குப் பயந்து.

பிறகு பொருள்கள் காணாமல் போக ஆரம்பித்தன. அளவுக் கோப்பை, பிளாஸ்டிக் கரண்டி, கழுவிக் கழுவி வைத்திருந்த வெண்ணெய் டப்பாக்கள் எல்லாம். தேடினால் அம்மாவின் அலமாரியில், பனிக்கால பூட்ஸுகளுக்குப் பின்னால், துண்டில் சுற்றி வைத்திருந்தது. பொருளை ஒளித்து வைப்பது மறதி நோயின் முதல் அறிகுறி என்று கைசா படித்திருக்கிறாள். பள்ளி நூலகத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். எதைத் தேடினால் எது கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வேலையை வசந்தத்தோடு விட்டுவிட்டாள். ஒரே வகுப்புக்கு ஒரே கதையை அடுத்தடுத்து இரண்டு நாள் வாசித்துக் காட்டினாள் என்று தலைமையாசிரியை ஒரு மாதிரி பேசிவிட்டாள். பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்கென்ன? போகட்டும். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டாள்.

அம்மாவை இல்லத்துக்கு அனுப்பிவிட்டால் இந்த வீட்டை விற்றுவிடுவார்கள். அது கூடப் பரவாயில்லை. அடையாளம் தெரியாத ஒரு அறையில் அம்மா நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்பைத்தான் கைசாவால் தாங்க முடியவில்லை. பயமும் பாசமும் ஒரே ஆளின் மேல் இருப்பது எவ்வளவு களைப்பான காரியம்!

அவள் வெறி பிடித்தவள் மாதிரி தேய்த்தாள். வெள்ளை போயிற்று. ஆரஞ்சு போயிற்று. சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, வினிகர் தெளித்து, ஈரத்துணியால் வழித்தாள். கண்ணாடி கண்ணாடியானது. ஆனால் சாய்ந்த வெயில் ஜன்னல் வழியாக அதன் மேல் விழுந்தபோது, வட்டத்தைச் சுற்றிலும் மெல்லிய கீறல்கள் தெரிந்தன. இன்றைய கீறல் மட்டுமல்ல. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்த கீறல்கள்.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம்.

"அம்மா, அவன் கேட்டா எதுவும் பேசாதே. நான் பார்த்துக்கறேன்."

"நீ என்னத்தைப் பார்த்துப்பே, பாவம்" என்றாள் அம்மா. அந்தக் குரலில் இருந்த கனிவு கைசாவைச் சில்லிட வைத்தது.

ஆர்வோ கதவை நிரப்பிக்கொண்டு உள்ளே வந்தான். "என்னக்கா இது? ஜன்னலையெல்லாம் தொறந்து வச்சு ஊரையே சூடு பண்றியா? கேஸ் பில்லை மேயரா கட்டுவார்?" குனிந்து அம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டான். "நீ என்னம்மா, கோட்டோட? எங்க கிளம்பிட்டே?"

"உன் அக்கா வீட்டையே ஐஸ் பெட்டி ஆக்கிட்டா. நீ இளைச்சுப் போயிட்டியே?"

"இளைச்சேனா? வண்டி ஸ்டீயரிங் வயித்துல இடிக்குதும்மா!" அவன் சிரித்துக்கொண்டே துண்டை எடுத்துத் தோளில் போட்டபடி கீழே இறங்கினான். கைசா மூச்சை விட்டாள். ஜன்னல்களைச் சாத்தினாள். சிங்க்கில் கிடந்த நீலச் சுருள்களை அள்ளிக் குப்பைக்குள் ஆழமாக அமுக்கினாள்.

படியில் கனத்த காலடிகள் திரும்பி வந்தன. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"சானா சில்லுனு கெடக்கு. மூட்டலையா?"

"மூட்டினேனே! அரை மணிக்கு முன்னாடி, என் கையால."

"அக்கா, சானா அடுப்புல விறகே இல்ல. சாம்பல்கூட இல்ல. கழுவித் தொடச்ச மாதிரி இருக்கு."

"நான்தான் அணைச்சு எடுத்துப் போட்டேன்" என்றாள் அம்மா. சட்டென்று. கேள்வி முடிவதற்குள்.

ஆர்வோ பரிதாபத்தோடு அம்மாவைப் பார்த்தான். கைசா வேறு மாதிரி பார்த்தாள். முட்டிவலி வந்த பிறகு, அம்மா அந்தப் படியில் கால் வைத்து மாதக்கணக்காகிறது. இன்று நாற்காலியை விட்டே எழுந்திருக்கவில்லை. ஏன் பொய் சொல்கிறாள்? அல்லது, தான் கீழே போயிருந்த நேரத்தில்... ஆனால் கீழே போயிருந்தது எப்போது? விறகின் சொரசொரப்பு கையில் இருந்த ஞாபகம் தெளிவாக இருந்தது. அது இன்றைய ஞாபகம்தானா என்பது மட்டும் தெரியவில்லை.

ஆர்வோ அடுப்பருகே போனான். மூக்கைச் சுருக்கினான். குனிந்து, கன்னம் கண்ணாடியில் படுகிற மாதிரி சாய்ந்து பார்த்தான்.

"மறுபடியுமா?"

"நான்தான்டா" என்றாள் கைசா. தேய்க்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்த பொய். "கடையிலேருந்து வந்த வேகத்துல ரொட்டியை அது மேல வச்சுட்டேன். அம்மா இந்தப் பக்கமே வரல."

"அவளைக் காப்பாத்தறதுக்காக நீ பழியை ஏத்துக்காதேக்கா. இப்படியே மூடி மூடி வச்சு ஒருநாள் ரெண்டு பேரும் தூக்கத்துலயே போகப் போறீங்க."

"அவ பொய்தான் சொல்றா" என்றாள் அம்மா நிதானமாக. "நான் போட்டேன். ரொட்டியை வச்சேன், அடுப்பைப் போட்டேன், மறந்துட்டேன். எந்த இல்லம்னு சொல்லு. திங்கக்கிழமை வரேன்."

"அம்மா!"

"நீ வாயை மூடுடி."

ஆர்வோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "டாக்டர்கிட்ட பேசினேன். எடுத்த எடுப்புல முடிவு பண்ணாதீங்க, தனக்குத்தானே ஒரு டீ போட்டுக்க முடியுதான்னு முதல்ல பாருங்கன்னார். இல்லத்துலயும் வரவங்க எல்லாரையும் அப்படித்தான் பார்ப்பாங்களாம். ஒரு டீ போடும்மா. எனக்கும் சேர்த்து."

"எனக்கு டீ வேண்டாம்."

"எனக்கு வேணும்."

முதல் தடவையாக அம்மாவின் முகத்தில் ஒரு சின்னத் தயக்கம் ஓடியது. பிறகு எழுந்தாள். கெட்டிலில் சரியாக இரண்டு கோப்பைத் தண்ணீர் பிடித்தாள். டப்பாவைப் பார்க்காமலே தேயிலைப் பையை எடுத்தாள். ஆர்வோவுக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதால் சர்க்கரைக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினாள். கோப்பைகளை வெந்நீர்க் குழாயில் காட்டிச் சூடாக்கினாள். ஒரு அசைவு வீணில்லை. ஆர்வோவின் புருவம் உயர்ந்தது. கெட்டிலை வட்டத்தின் நடுவில் வைத்துவிட்டு, கண்ணாடியின் முன்விளிம்பில் விரலை வைத்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அழுத்தினாள். பக்கத்து விரலால் அழுத்தினாள். விரல்நுனியில் ஊதி, உதட்டில் தொட்டு ஈரம் பண்ணிக்கொண்டு அழுத்தினாள். கண்ணாடி கறுப்பாகவே கிடந்தது.

அம்மா விரலை மாற்றி மாற்றி அழுத்துவதைக் கைசாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தோல்விதான் இது, இதோ தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான், இன்னும் ஒரு நிமிடம் போனால் எல்லாம் முடிந்தது. அவள் அம்மாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினாள். "இப்படி லேசா தொடணும்மா, அவ்வளவுதான். தினமும் பண்றதுதானே?" விரல் தானாக அந்த இடத்துக்குப் போயிற்று. டிங் என்று ஒரு சின்னச் சத்தம். கெட்டிலுக்கு அடியில் சிவப்பு வட்டம் மெல்ல விழித்தது.

"பாத்தியாடா? போட்டாச்சு" என்றாள் கைசா.

ஆர்வோ கெட்டிலைப் பார்க்கவில்லை. "அம்மா" என்றான், மிகவும் மெதுவாக. "இந்த அடுப்பை நீ கடைசியா எப்போ போட்டே?"

அம்மா திரும்பினாள். மகனைப் பார்க்கவில்லை. மகளின் கன்னத்தில் ஒட்டியிருந்த சோடாத் தூளை உள்ளங்கையால் துடைத்துவிட்டாள்.

"முப்பது வருஷம் ஓட்டல் சலவைக்கூடத்துல சூட்டு உருளைக்குள்ள துணி தள்ளின விரல்டா இது. தோல் காய்ச்சுக் கெட்டியாகி ரேகையே போயிடுச்சு" என்றாள். "நான் இருக்கறதே இந்தக் கண்ணாடிக்குத் தெரியாது. நீ கொண்டுவந்து வச்ச நாள்லேருந்து ஒரு தடவைகூட இது எனக்கு எரிஞ்சதில்ல."

கெட்டில் முனக ஆரம்பித்தது. கைசாவின் விரல் இன்னும் கண்ணாடி மேல்தான் இருந்தது.