டிரிக் வீட்டு ஆட்கள்

எங்கள் ஸ்மோலாந்துப் பக்கம் சிப்பாயின் பெயர் அவனுடையதல்ல, குடிசையுடையது. ஊரில் பாதிப் பேர் ஆண்டர்சன். அந்தப் பெயரைச் சொல்லிக் கேப்டன் கூப்பிட்டால் பத்துத் தலைகள் திரும்பும். அதனால் பண்ணையார்கள் சேர்ந்து சிப்பாய்க்குக் கொடுக்கும் குடிசை, பசு, துண்டு நிலம் இவற்றோடு ஒரு பெயரும் வரும். எங்கள் குடிசைக்கு வாய்த்தது டிரிக். பயமில்லாதவன் என்று அர்த்தம். என் அப்பா ஏலோஃப் அப்படித்தான் இருந்தார், பயிற்சி முகாமில் பீரங்கி வண்டி முழங்காலில் ஏறும்வரை.

அந்த இலையுதிர் காலத்தில் அவரைப் படையிலிருந்து கழித்துவிட்டார்கள். சிப்பாய் போனால் குடிசையும் போகும். அப்பாவும் அம்மா பொட்டில்டாவும் ஏழைகள் விடுதிக்கு. பிள்ளைகள் மூவரும் ஆளுக்கொரு பண்ணைக்கு, யார் குறைந்த செலவில் வளர்க்க ஒப்புகிறார்களோ அவர்களிடம். பண்ணையார் சாமுவேல் இதைச் சொன்னபோது எங்களைப் பார்க்கவில்லை. பசுவைப் பார்த்துச் சொன்னார்.

புதுச் சிப்பாய் ஆல்கோட், மீசைகூட முளைக்காதவன், வரச் சொன்ன நாளுக்கு முன்பே மூட்டையோடு வந்து நின்றான். அம்மாவுக்கு ஆத்திரம்தான். ஆனாலும் ஹெர்ரிங் மீனையும் கூழையும் அவன் பக்கம் நகர்த்தினாள்.

“நாளைக்கு எல்லாம் உன்னோடது. இன்னைக்கு என் வீட்டுல சாப்பிடு.”

அப்பா தன் சீருடைக் கோட்டை அவனுக்குப் போட்டுப் பார்த்தார். கை அவனுக்குக் குட்டையாக இருந்தது. டிரிக் என்று கூப்பிட்டால் முழிக்காமல் சட்டென்று பதில் சொல்லவேண்டும், அவ்வளவுதான் என்றார்.

மறுநாள் பூசை முடிந்து தேவாலயத்தின் முன் சிப்பாய்கள் வரிசையில் நின்றார்கள். கேப்டன் ஊருக்குப் புதியவர். டிரிக் குடும்பஸ்தன் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள்.

“டிரிக்! பொண்டாட்டி சௌக்கியமா?”

“சௌக்கியம், கேப்டன்!”

“குழந்தைங்க?”

“மூணு, கேப்டன்!”

மதிலோரம் நின்ற பெண்களில் ஒருத்தி, நேற்று வந்தவன் இன்றைக்கு மூன்று பெற்றுவிட்டான், பலே ஆள்தான் என்றாள். சாமுவேல் முன்னால் வந்து, இவன் கல்யாணமே ஆகாதவன் என்று போட்டுக்கொடுத்தார். பொய்யா சொன்னாய் என்று கேட்டார் கேப்டன்.

ஆல்கோட்டுக்குக் காது சிவந்துவிட்டது. பழைய டிரிக்கைப் பற்றிக் கேட்பதாக நினைத்து அவருக்காகப் பதில் சொல்லிவிட்டேன் என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“கோட்டு அவரோடது, பசு அவரோடது, பேரும் அவரோடதுதான், ஐயா. எல்லாத்தையும் எடுத்துக்கன்னாங்க. ஆளுங்களை மட்டும் வெளிய தள்ளிடுன்னு எங்கிட்ட யாரும் சொல்லலையே.”

யார் சோறு போடுவது என்று எகிறினார் சாமுவேல். ஆல்கோட் அவர் பக்கம் திரும்பினான். கோடையில் தான் முகாமுக்குப் போய்விட்டால் குடிசை நிலத்தில் புல் அறுப்பதும் பசுவைக் கறப்பதும் ஒப்பந்தப்படி பண்ணையார்கள் பொறுப்பு அல்லவா என்று கேட்டான்.

“பொட்டில்டா அக்கா இருந்தா உங்க இடுப்பு பிழைக்கும், ஐயா.”

சாமுவேல் தாடையைச் சொறிந்தார். அவருக்கு இடுப்பு வலி உண்டு, ஊருக்கே தெரியும். கேப்டன் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, டிரிக் வீட்டு ஆட்கள் டிரிக் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். அம்மா மதிலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அம்மா ஆல்கோட்டிடம், ஏன் அப்படிப் பேசினாய் என்று கேட்டாள்.

“நேத்து கூழ் நல்லா இருந்துச்சுக்கா.”

“உப்பு போட மறந்துட்டேன்டா, பாவி,” என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

அதன்பிறகு அப்பா உட்கார்ந்த இடத்திலேயே செருப்புத் தைத்தார். ஆல்கோட்டுக்குக் கல்யாணமானபோது இருவரும் சேர்ந்து குடிசையில் ஓர் அறை கூட்டிக் கட்டினார்கள். ஒரே அடுப்பு, இரண்டு குடும்பம். அம்மாவும் ஆல்கோட்டின் மனைவியும் காப்பிப் பானைக்காகத் தினமும் சண்டை போட்டார்கள், ஒரு நாளும் பானையைப் பிரிக்கவில்லை.

என் திருமண அறிவிப்பு அன்று பாதிரியார், பெண் எந்த டிரிக்கின் மகள் என்று தலையை உயர்த்திக் கேட்டார். கோலை ஊன்றி அப்பா எழுந்தார். அந்தப் பெயர் காதில் விழுந்தாலே விறைத்து நிற்பது ஆல்கோட்டுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. அவரும் எழுந்துவிட்டார். பிறகுதான் கேள்வி புரிந்து, முகம் சிவக்க உட்காரப் போனார்.

அப்பா ஆல்கோட்டின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“நில்லுடா,” என்றார்.