ஒரே மூச்சில் இறங்கும் சுரூபம்

பேசாலையில் பெரிய வெள்ளிக்கு நடக்கும் பாஸில், அதாவது ஆண்டவரின் பாடுகளைக் காட்டும் நாடகத்தில், மாதாவுக்குக் குரல் கொடுப்பவள் செலீனா. மேடையில் நிற்பவை சுரூபங்கள், ஆளுயரச் சிலைகள். அவற்றுக்காகத் திரைக்குப் பின்னால் நிற்பவர்கள்தான் அழ வேண்டும், பாட வேண்டும். சிலுவையிலிருந்து ஆண்டவரின் சுரூபத்தைக் கயிற்றால் இறக்கி மாதாவின் மடியில் கிடத்தும்போது செலீனா "மகனே" என்று ஒரு இழுப்பு இழுப்பாள். கயிறு பிடிக்கும் இளைஞர்களுக்கு மேடை தெரியாது. அவளுடைய குரல்தான் அவர்களுக்குக் கணக்கு. குரல் ஓடும்வரை கயிற்றை விடுவார்கள், குரல் நின்றால் கையும் நின்றுவிடும். அதனால் அந்த ஒரு சொல்லை ஒரே மூச்சில் மடிவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும்.

போன வருஷம் பாதியில் மூச்சு அறுந்தது. சுரூபம் அந்தரத்தில் தொங்கியது. அவள் வாயைத் திறந்து மூச்சை அள்ளி மறுபடி பிடித்ததும் கயிறு உலுக்கிக் கொடுத்துவிட, ஆண்டவரின் கை போய் மாதாவின் முகத்தில் இடித்தது. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். பெரிய வெள்ளியில் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்தால் செலீனாவுக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

இந்த வருஷ ஒத்திகையில், பாஸை நடத்தும் அண்ணாவியார் சிங்கராசா கயிற்றுக்காரரிடம் கெதியாக இறக்கச் சொல்லிப் பார்த்தார். வாளி கிணற்றுக்குள் விழுகிற மாதிரி ஆண்டவர் விழுந்தார். அப்படியும் அவளுடைய மூச்சு போதவில்லை.

"பிள்ளை, இந்த முறை றோஸ்மேரியைப் பாட விட்டுப் பாப்பமோ?" என்றார் அவர் மெதுவாக. "யோசிச்சுக் குருத்தோலை ஞாயிறுக்கு முதல் சொல்லு."

றோஸ்மேரிக்கு மூச்சு உண்டு, அதில் குறை சொல்ல முடியாது. குரல்தான் பொலிஸ்காரன் விசில். செலீனா "ஓம் அண்ணாவியார்" என்று சொல்லிவிட்டு வந்து, காயப்போட்ட கருவாட்டைப் புரட்டிக்கொண்டே அழுதாள்.

அவள் செய்யாத வைத்தியமில்லை. இஞ்சி குடித்தாள், மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தாள், ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைப் படம் எடுத்தாள். நெஞ்சு சுத்தம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியென்றால் கொடுத்த ஆண்டவர் திரும்ப எடுக்கிறார் என்று அவள் முடிவுகட்டினாள். ஆண்டவரும் பாவம், செய்யாத காரியத்துக்கெல்லாம் பேர் வாங்குகிறார்.

காரணம் அவளுடைய சட்டைக்குள் இருந்தது. அவள் குடியிருந்த தெருவில், அந்த ஒழுங்கையில், எந்தப் பெண்ணும் தானாகப் போய்ப் பிரா வாங்கியதில்லை. ஆம்பிளைகள் நிற்கும் கடையில் வாய் திறந்து அளவு சொல்வது யார்? மன்னார்ப் பட்டினத்துக்குப் போகும் மாக்கிறட்டிடம் எல்லோரும் காசு கொடுப்பார்கள். மாக்கிறட் 'உள்ளுக்குப் போடுறது' என்று முணுமுணுத்து, பேப்பரில் சுற்றிய ஒரு கட்டை வாங்கிக்கொண்டு ஓடி வருவாள். கட்டு முழுவதும் முப்பத்தினாலு. மெலிந்தவர்கள் ஊசி நூலால் பிடித்துத் தைப்பார்கள், பருத்தவர்கள் ஊக்கால் பூட்டுவார்கள். கலியாணத்தின்போது செலீனாவுக்கு அது சரியாகத்தான் இருந்தது. பிறகு நாலு பிள்ளை பெற்று உடம்பு பொங்கிவிட்டது; அளவு மட்டும் நின்ற இடத்தில் நின்றது. கரைவலை இழுப்பவன் தோளில் கயிறு விட்ட தழும்பு போல அவளுடைய இரண்டு தோளிலும் தடம். பின்னேரம் வீட்டுக்கு வந்து அதைக் கழற்றும்போது ஒரு பெருமூச்சு வரும். எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் என்று இருந்துவிட்டாள். கழற்றிய பிறகு பாடிப் பார்த்திருந்தால் அப்போதே விளங்கியிருக்கும். ஆனால் அந்தப் புலம்பலை வீட்டுக்குள் பாடினால் இழவு விழும் என்று அங்கே ஒரு பயம். பாடுவதெல்லாம் கோயிலடியில், இறுகப் பூட்டிக்கொண்டுதான்.

குருத்தோலைக்கு முந்திய கிழமை ஊக்கு உடைந்து பட்டியும் கிழிந்தது; இழுத்துத் தைத்துப் போட்டாலும் இனி நாள் தாங்காது. மாக்கிறட்டோ மகளின் பிள்ளைப்பேற்றுக்கு நானாட்டானுக்குப் போய்விட்டாள். வேறு வழியில்லாமல் செலீனா தானே பஸ் ஏறி மன்னாருக்குப் போனாள்.

கடைக்கார மீராசாஹிபு சீலை மடித்துக்கொண்டிருந்தார். அவள் நெளிந்த நெளிவிலேயே விஷயம் விளங்கிவிட்டது அவருக்கு.

"மேல போங்கோ தங்கச்சி. பொம்பிளையளுக்கு இப்ப தனி அறை. மகள் ஹமீதா நிக்கிறா," என்றார் சீலையைப் பார்த்தபடியே.

மேலே ஹமீதா கதவைச் சாத்தினாள். புத்தளத்தில் கார்மென்ட்ஸில் வேலை பார்த்துவிட்டு வந்தவள்.

"என்ன சைஸ் அக்கா?"

"முப்பத்தினாலு."

"ஆர் அளந்தது?"

"ஒருத்தரும் அளக்கேல்லை. எங்கட ஒழுங்கையில எல்லாருக்கும் முப்பத்தினாலுதான்."

ஹமீதா சிரிப்பை உதட்டில் கடித்துக்கொண்டு அளவு நாடாவை எடுத்தாள். மார்புக்குக் கீழே ஒருமுறை, மார்போடு ஒருமுறை சுற்றினாள். செலீனா கூச்சத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூச்சை முழுசா இழுங்கோ அக்கா."

"இழுத்திட்டன்."

"இல்லை, முழுசா."

"இதுதான் முழுசு."

ஹமீதா நாடாவைச் சுருட்டி வைத்தாள். பெட்டிகளுக்குள் தேடி, அகலப் பட்டி வைத்த ஒன்றை எடுத்து வந்தாள். குனிந்து போடச் சொல்லி, பின்னால் கொளுவி, பட்டியைத் தோளுக்கு அளவாக விட்டாள்.

செலீனா நிமிர்ந்தாள். முதலில் ஏதோ குறைவது போலிருந்தது. எது குறைகிறது என்று தேடினாள். நோவு குறைந்திருந்தது. தோளில் பாரம் இல்லை. யாரோ இரண்டு கையாலும் கீழிருந்து ஏந்தி, 'நான் பிடிக்கிறன், நீ நில்லு' என்று சொன்ன மாதிரி இருந்தது. கையை உயர்த்தினாள், ஏறி வரவில்லை. குனிந்தாள், வெட்டவில்லை. கண்ணாடியில் இருந்தவளைப் பார்க்க அவளுக்கே மரியாதை வந்தது.

பிறகு மூச்சை இழுத்தாள். அது வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. விலா விரிந்து வழிவிட்டது, வயிறுவரைக்கும் போனது. இவ்வளவு இடம் தனக்குள் இருந்ததா என்று அவள் திகைத்துப்போனாள். பயமாகக்கூட இருந்தது. அவ்வளவு மூச்சை வைத்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. எங்கே நிற்கிறோம் என்பதையும் மறந்து கண்ணை மூடினாள்.

"மகனே..."

கயிறு இளகியது. சுரூபம் சிலுவையை விட்டு இறங்கியது. போன வருஷம் தொங்கிய இடம் வந்தது. அதையும் தாண்டி இறங்கியது. தலை மடிக்கு வந்தது, முதுகு வந்தது, ஆணி அடித்த கால்கள் கடைசியாக வந்து சேர்ந்தன. இறக்கி முடித்த பின்னும் நெஞ்சில் மூச்சு மிச்சம் இருந்தது. அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

கீழே கடை அடங்கிப்போயிருந்தது. படியில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. மூடிய கதவுக்கு வெளியே மீராசாஹிபின் குரல் நடுங்கியது.

"ஹமீதா, ஆருக்கு என்ன நடந்தது?"

ஹமீதா கண்ணைத் துடைத்தாள். "ஒண்டுமில்லை வாப்பா. அக்கா மூச்சு விட்டுப் பாக்கிறா."

செலீனாவுக்குச் சிரிப்பு வந்தது. மாக்கிறட்டை நினைக்க ஆத்திரம் வந்தது. போன வருஷத்திலிருந்து மாதாவிடம் மூச்சுக் கேட்டு மன்றாடியதை நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது. கண் காயும் முன்னே கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"அண்ணாவியார், நான் செலீனா."

"சொல்லு பிள்ளை. றோஸ்மேரிக்குச் சொல்லட்டோ?"

"வேண்டாம். கயிறு பிடிக்கிற பெடியளுக்குச் சொல்லுங்கோ," என்றாள் அவள். "இந்த முறை அவசரமில்லை. மகனை ஆறுதலா இறக்கச் சொல்லுங்கோ."